பீப்பாய் காலியாகும் முன்பே

எங்கள் ஊரில் ஒரு சட்டம் உண்டு. பீப்பாயில் ஒரு கிண்ணம் பீர் மிச்சமிருந்தாலும் பீர் காய்ச்சும் கொப்பரையின் அடியில் மறுபடி தீ மூட்டக்கூடாது. யார் போட்ட சட்டம் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் மலைகளுக்கு நடுவே கடல் புகுந்து நிற்கிற ஃபியோர்டின் இந்தக் கரையில் இருக்கிற ஆறு வீட்டுக்காரர்களும் அதைப் பத்துக் கட்டளைகளோடு பதினோராவதாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். போன டிசம்பரில் நான் அதை மீறினேன். தெரியாமல் மீறவில்லை. பட்டப்பகலில், புகை ஆறு வீட்டுக்கும் தெரிகிற மாதிரி, வேண்டுமென்றே மீறினேன்.

என் பெயர் குன்வோர். குளிர்காலத்தில் இந்தச் சரிவுப் பாதையில் பனி தள்ளும் டிராக்டரை ஓட்டுகிறவள் நான்தான். என் கணவன் ஹால்வர் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. கிறிஸ்துமஸுக்கு மறுநாளிலிருந்து எங்கள் ஊரில் சுற்று என்று ஒன்று நடக்கும். நாளுக்கு ஒரு வீடு. அந்த வீட்டுக்காரர்கள் தாங்களே காய்ச்சிய பீரை வைப்பார்கள், ஊர் முழுக்க அங்கே உட்கார்ந்து குடிக்கும், சாப்பிடும், பாடும். சுற்றின் முதல் வீடு எங்களுடையது. ஹால்வர் இருந்தவரைக்கும் அது மாறியதே இல்லை.

அவன் இறந்த வருஷம் நானும் மேசை விரித்து, உப்புப் போட்டுக் காயவைத்த ஆட்டு விலாவை ஆவியில் வேகவைத்து, கடையில் வாங்கிய பீரையாவது வைப்போம் என்று காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. சன்னல் வழியே பார்த்தேன். எல்லோரும் என் வாசலைத் தலையைக் குனிந்துகொண்டு தாண்டி, மேலே ஹால்வரின் அண்ணன் மாக்னே வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மறுவருஷமும் அதே கதை. பிறகு கேட்டால், உன்னைத் தொந்தரவு செய்ய வேண்டாமென்றுதான் என்றார்கள். தொந்தரவாம். அவர்கள் நடந்துபோன பாதையில் விடியற்காலையில் பனியைத் தள்ளி வைத்ததே நான்தான். நான் போட்டுக்கொடுத்த வழியிலேயே என்னைத் தாண்டிப் போனார்கள்.

அதனால் போன இலையுதிர் காலத்தில், மலையிலிருந்து ஆடுகளை இறக்கிய அன்று, எல்லோரும் பட்டிக்குப் பக்கத்தில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். இந்த வருஷம் சுற்று என் வீட்டிலிருந்துதான் தொடங்கும், பீர் நானே காய்ச்சப்போகிறேன் என்று. கொஞ்ச நேரம் ஆடுகள்தான் கத்தின. நான் அதுவரை வாழ்க்கையில் ஒரு கொப்பரை பீரும் காய்ச்சியதில்லை. மாக்னே மட்டும் வாய் திறந்தான். சரி, காய்ச்சிப் பார், தேறினால் வருகிறோம், தேறாவிட்டால் அந்த முதல் நாள் இனி என் வீட்டோடு இருக்கட்டும் என்றான். அவனும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். அங்கேயும் அவன்தான் தீர்ப்புச் சொல்வான்.

ஈஸ்ட் மட்டும் அவனிடம் வாங்கினேன். அவர்கள் குடும்பத்து ஈஸ்ட், ஜாடியில் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துப் பிள்ளை மாதிரி காப்பாற்றுகிறான். வேறு எதையும் யாரிடமும் கேட்கவில்லை. எங்கள் ஊர்ப் பழக்கம் அப்படி. கேட்காதவனுக்கு யாரும் சொல்லமாட்டார்கள், கேட்கிறவனை யாரும் மதிக்கமாட்டார்கள். நான் கைபேசியில் யாரோ ஒரு வெளிநாட்டு ஆள் பேசியதைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். குளிர்ச்சிதான் சுத்தம், ஈஸ்ட் போடும்முன் நன்றாக ஆறவைக்க வேண்டும் என்றான். நானும் ஜூனிப்பர் என்கிற ஊசியிலைப் புதரின் கிளைகளைப் போட்டுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, முளைகட்டிக் காயவைத்த பார்லியான மால்ட்டை ஊறவைத்து, வடிகட்டி, இனிப்புச் சாற்றை மணிக்கணக்கில் காய்ச்சி, எல்லாம் முறையாகச் செய்துவிட்டு, கடைசியில் அதை ஓடைத் தண்ணீர் மாதிரி சில்லிட வைத்து, பீப்பாயில் ஊற்றி ஈஸ்ட் போட்டேன். பீப்பாயைக் கொட்டகையில் வைத்துக் கதவையும் திறந்துபோட்டேன். கோபித்துக்கொண்ட மாமியார் மாதிரி அது நாள் கணக்கில் பேசாமலே இருந்தது. பிறகு ஏதோ சோம்பலாக இரண்டு குமிழி விட்டது. சரி, தயாராகிவிட்டது என்று எடுத்தேன்.

பீப்பாய் திறக்கிற அன்று அக்கம்பக்கத்தார் அழைக்காமலே வந்து ருசி பார்க்க வேண்டும். அதுவும் பழக்கம். நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ ஒருவரும் சொல்லமாட்டார்கள். நன்றாக இருந்தால் உட்கார்ந்துவிடுவார்கள், துரத்தினாலும் போகமாட்டார்கள். இல்லையென்றால் ஒரு கிண்ணத்தோடு ஒவ்வொருவருக்கும் ஏதாவது வேலை ஞாபகம் வரும். அன்றைக்குப் பக்கத்து வீட்டு ரேய்தாருக்கு அடுப்பை அணைக்காமல் வந்தது ஞாபகம் வந்தது. அவன் மனைவி ஓஸ்னே பாதிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என் தோளை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனாள். அந்தத் தொடுகை எனக்குச் செருப்படி மாதிரி இருந்தது. மாக்னே மட்டும் தன் கிண்ணத்தைக் கடைசிச் சொட்டு வரை குடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டான்.

"பீர்தான்," என்றான். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டே சொன்னான். "முதல் கோணல் முற்றும் கோணல்னு சொல்லுவாங்க. அவசரப்படாத. இதை மெதுவா குடிச்சு முடி. அடுத்த கிறிஸ்துமஸுக்கு நிதானமா இன்னொன்னு போடு. இந்த வருஷம் எல்லாரும் என் வீட்டுக்கே வரட்டும். நீயும் வந்து ஒரு ஓரமா உக்காரு."

ஓரமா உக்காரணுமாம். முழுப் பீப்பாய் புளித்த பீரை ஒற்றைப் பொம்பளை ஒரு வருஷம் குடித்து முடிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் தீ மூட்ட வேண்டும். அதற்குள் என் குடல் அறுந்து போய்விடும், என்ன தப்புச் செய்தேன் என்பதும் மறந்துபோய்விடும். கை இன்னும் செய்ததை ஞாபகம் வைத்திருக்கிறபோதே மறுபடி செய்து பார்க்காமல், ஒரு வருஷம் கழித்து, எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து மறந்த பிறகா செய்வது? ஏணியிலிருந்து விழுந்தவனை, அடுத்த வருஷம் ஏறிக்கொள் என்று சொல்வார்களா? எனக்கு ஒரு விஷயம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அடுத்ததைப் போட வேண்டிய நேரம் இதுதான், சூட்டோடு சூடாக.

மறுநாள் காலை வெளிச்சம் வந்ததும் கொப்பரையின் அடியில் விறகை அடுக்கினேன். மால்ட் இன்னொரு மூட்டை கிடந்தது. கடைக்காரன் ஒன்றே போதும் என்றுதான் சொன்னான், என் கைதான் சும்மா இருக்கவில்லை. அன்று காற்று துளிகூட இல்லை. புகை நேராக மேலே போய் ஊர் தலைக்கு மேல் நின்றது. தண்ணீர் கொதிக்கும் முன்பே மாக்னேயின் வண்டிச் சத்தம் கேட்டது.

"என்ன, பீப்பாய் அதுக்குள்ள காலியா?" என்று இறங்கும்போதே கேட்டான்.

"இல்ல. வாய் வரைக்கும் இருக்கு."

"அப்புறம் தீ எதுக்கு?"

"அது புளிச்சுப்போச்சு. அதான்."

நான் அவன் முன்னால் ஆடையை அவிழ்த்துவிட்ட மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான். எங்கள் ஊரில் அந்த வார்த்தையைத் தன் பீரைப் பற்றி ஒருவர் சொல்லி அவன் கேட்டதே இல்லை. அப்படியெல்லாம் யாரும் சொல்லவில்லையே என்றான். யாரும் சொல்லமாட்டீர்கள், அதனால்தான் நானே சொல்கிறேன் என்றேன். பீப்பாய் இருக்கும்போது தீ மூட்டினால் வீட்டுக்குத்தான் கேவலம், ஹால்வர் இருந்திருந்தால் இப்படிச் செய்திருப்பானா என்று ஆரம்பித்தான்.

"ஹால்வர் இல்ல மாக்னே. அதைத்தான நீங்க எல்லாரும் மூணு வருஷமா எனக்கு ஞாபகப்படுத்திட்டே இருக்கீங்க."

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "இனிமே ஈஸ்ட் கேட்டு என் வாசலுக்கு வராத," என்றான். "எங்க வீட்டு ஈஸ்ட்டுக்குன்னு ஒரு பேர் இருக்கு. ஒருதடவை கெடுத்தது போதும்."

"நான் கேட்டேனா?" என்றேன்.

கேட்கவில்லைதான். ஆனால் சாயங்காலம் போய்க் கேட்கலாம் என்றுதான் இருந்தேன். அவன் வண்டி சரிவில் ஏறி மறைந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வாய் வீரம் பேசிவிட்டது, கொப்பரை கொதிக்கிறது, பொட்டு ஈஸ்ட் இல்லை. புளித்த பீப்பாயின் அடியில் இருக்கிறதை அள்ளிப் போடலாமா என்றுகூட யோசித்தேன். புளிப்பிலிருந்து புளிப்புதான் வரும் என்பது எனக்கே தெரியும். ஆனாலும் தீயை அணைக்கவில்லை. அணைத்தால் புகை நிற்கும், புகை நின்றால் ஊருக்குத் தெரியும். மால்ட்டைக் கிளறிக்கொண்டே இருந்தேன்.

மத்தியானத்துக்கு மேல் ஓஸ்னே வந்தாள். கொல்லைப்புறப் பாதையில் வரவில்லை. மாக்னே வீட்டு முற்றத்திலிருந்து பார்த்தால் தெரிகிற பெரிய பாதையில், கையில் ஜாடியை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். ரேய்தார் வீட்டு ஈஸ்ட். ரேய்தாருக்குத் தெரியுமா என்று கேட்டேன். கிறிஸ்துமஸ் முடிந்ததும் தெரியும் என்றாள். பிறகு கவிழ்த்து வைத்த வாளி மேல் உட்கார்ந்துகொண்டு, போன தடவை எந்தச் சூட்டில் ஈஸ்ட் போட்டாய் என்று கேட்டாள். வெளிநாட்டு ஆள் சொன்னதையும், ஓடைத் தண்ணீர் மாதிரி சில்லிட வைத்ததையும், கொட்டகைக் கதவைத் திறந்துபோட்டதையும் சொன்னேன். அவள் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"அடியே, அவன் ஊரு ஈஸ்ட் வேறடி. நம்மளது குளிர்ல தூங்கிடும். அது தூங்குற நேரத்துல சாறு புளிச்சுப்போகும். கைக்குழந்தையைக் குளிப்பாட்டுற சூடு இருக்கணும். போட்டதும் போர்வையைச் சுத்தி வைக்கணும்."

"இதை ஏன்டி முன்னாடியே சொல்லல?"

"நீ கேக்கவே இல்லையே."

எனக்கு அவள் மேல் கோபம் வந்தது, என் மேலும் வந்தது, இந்த ஊர் மேலேயே வந்தது. ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை யாராவது பேசியிருந்தால் ஒரு பீப்பாய் பீர் பிழைத்திருக்கும். பிறகு அவள், சரி, இப்பவாவது கேட்டியே என்று எழுந்து, சாற்றை வடிகட்டிக் காய்ச்சி இறக்கும்வரை என்னோடு நின்று, ஆவி அடங்கியதும் கையை விட்டுப் பார்த்து, இன்னும் கொஞ்சம் ஆறட்டும் என்றாள்.

ஈஸ்ட்டைப் பீப்பாயில் ஊற்றும்போது காய்ச்சுகிறவர் கத்த வேண்டும். எவ்வளவு சத்தமோ அவ்வளவு வீரியம் என்பார்கள். முதல் தடவை யாராவது கேட்டுவிடப் போகிறார்களே என்று முனகியதோடு விட்டுவிட்டேன். இந்தத் தடவை கொட்டகைக் கதவை மாக்னே வீட்டுப் பக்கமாகத் திறந்து வைத்துக்கொண்டு கத்தினேன். மூன்று வருஷம் நெஞ்சுக்குள் அடைத்து வைத்திருந்தது எல்லாம் அதில் வந்தது. எதிர்க்கரை மலை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. ஊரில் இருக்கிற நாய்கள் எல்லாம் குரைத்தன. ஓஸ்னே காதைப் பொத்திக்கொண்டு, போதுமடி, பீர்தான் வேண்டும், இடி வேண்டாம் என்றாள். வீட்டில் இருக்கிற கம்பளிகளை எல்லாம் எடுத்து வந்து பீப்பாய்க்குச் சுற்றினோம். விடிவதற்குள் உள்ளே சலசலவென்று பேச ஆரம்பித்துவிட்டது. பீப்பாயில் கையை வைத்தால் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது.

கிறிஸ்துமஸ் அன்று விடாமல் பனி பெய்தது. மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் இடுப்பளவு நிற்கிறது. அன்று எனக்கு விடுமுறை. டிராக்டர் என் முற்றத்தில்தான் நின்றது. விடுமுறை நாளில் பாதை போடச் சொல்லி யாரும் என்னைக் கேட்க முடியாது. நானாகப் போட்டால் அது என் இஷ்டம். தேவாலயத்துப் பெரிய பாதையிலிருந்து ஆரம்பித்தேன். கீழே இருக்கிற நாலு வீட்டு வாசலையும் சுத்தமாகத் தள்ளினேன். என் வீட்டு வாசல் வரை வந்தேன். அங்கே இரண்டு வண்டி திரும்புகிற அளவுக்கு அகலமாகத் தள்ளிவிட்டு, டிராக்டரை நிறுத்திச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன். எனக்கு மேலே இருக்கிறது மாக்னே வீடு ஒன்றுதான்.

கொஞ்ச நேரத்தில் அவன் கைபேசியில் கூப்பிட்டான். பாதை என்ன ஆயிற்று என்றான். எனக்கு லீவு என்றேன். எல்லோரும் என் வீட்டுக்கு வர வேண்டுமே என்றான். யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் சொல், ஐந்து நிமிஷத்தில் வழி போடுகிறேன், விருந்துக்கு வருகிறவர்கள் பனிச்சறுக்குக் கட்டையைக் கட்டிக்கொண்டு வரட்டும், எல்லோர் வீட்டிலும் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். இதற்கும் மேலே அவர்கள் என்னைத் தாண்டி நடந்துபோனால், பிறகு இந்த ஊரில் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

மத்தியானம் வந்தார்கள். பண்டிகைத் துணி, நல்ல காலணி, கையில் கேக்குப் பெட்டி. பாதை முடிகிற இடத்தில், என் வாசலுக்கு நேரே, கும்பலாக நின்றார்கள். மேலே பார்த்தார்கள். பனியைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள். நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கையில் கிண்ணத்தோடு நின்றேன். வாருங்கள் என்று கூப்பிடக்கூடாது என்று எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன். கூப்பிட்டால் பாவப்பட்டு வருவார்கள். பாவம் பார்த்தது போதும். ரேய்தார் தன் புதுக் காலணியை ஒருமுறை பார்த்தான், பனியை ஒருமுறை பார்த்தான், பிறகு என் படியில் ஏறினான். ஓஸ்னே பின்னாலேயே அவன் முதுகைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மற்றவர்களும் வந்தார்கள்.

முதல் கிண்ணத்தை ரேய்தாருக்குத்தான் கொடுத்தேன். அவனுக்கு அடுப்பு ஞாபகம் வருகிறதா என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். குடித்தான். கிண்ணத்துக்குள் பார்த்தான். மறுபடி குடித்தான். பிறகு கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, விலா எப்போது வரும் என்று கேட்டான். இரண்டாவது கிண்ணத்தில், இந்த ருசி எங்கேயோ பழகின மாதிரி இருக்கிறதே என்று இழுத்தான். ஓஸ்னே என் வீட்டுக் கூரையில் ஏதோ அதிசயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வெளிச்சம் மங்கத் தொடங்கியும் ஒருவருக்கும் ஒரு வேலையும் ஞாபகம் வரவில்லை.

விளக்கேற்றுகிற நேரத்தில் மாக்னே வந்தான். சரிவிலிருந்து ஒற்றையாளாகச் சறுக்கி இறங்கி வந்திருந்தான். மீசை எல்லாம் பனி. வாசற்படியில் நின்று, உள்ளே பாடிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தான். பாட்டு நின்றது. நான் கிண்ணத்தை நீட்டினேன். நின்றுகொண்டே குடித்தான். இன்னொன்று கேட்டு, அதையும் நின்றுகொண்டே குடித்தான். பிறகுதான் உட்கார்ந்தான். ஹால்வர் உட்காரும் இடத்தில் உட்காராமல் அதற்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"ரெண்டு வருஷமும் உன் வாசலைத் தாண்டி வரச் சொன்னது நான்தான்," என்றான். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். "நாங்க இங்க வந்து உக்காந்தா நீ அழுதுடுவேன்னு நெனச்சேன்."

"அழுதிருப்பேன்," என்றேன். "அழுதா என்ன? உங்க எல்லாரையும் வச்சுக்கிட்டு அழுதிருப்பேன். நீங்க அந்தப் பக்கம் போனப்புறம் ஒருத்தியா அழுதேனே, அது பரவாயில்லையா?"

நான் அவன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். புதுப் பீப்பாயிடம் போகவில்லை. மூலையில் வாய் வரைக்கும் நிற்கிற பழைய பீப்பாயைத் திறந்து, விளிம்பு தளும்பப் பிடித்துக்கொண்டு வந்து அவன் முன்னால் வைத்தேன்.

"இது என் முதல் பீர். அன்னிக்கு ஒரு கிண்ணத்தோட எந்திரிச்சுப் போயிட்ட. இப்ப உக்காந்து குடி."

குடித்தான். இடையில் ஒருமுறை கண்ணை இறுக்கி மூடினான். கிண்ணத்தைக் காலியாக்கிக் கீழே வைத்து, என்னை நேராகப் பார்த்தான்.

"ரொம்பப் புளிச்சுப்போச்சு, குன்வோர்," என்றான். "இன்னொன்னு ஊத்து."

ஊற்றிக் கொடுத்தேன். ரேய்தார் தனக்கும் அதிலேயே ஒன்று வேண்டும் என்று கிண்ணத்தை நீட்டினான், பிறகு ஓஸ்னே நீட்டினாள். ஊற்றிக்கொண்டே இருந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவில்லை, அழுதேன். ஒருவரும் எழுந்து போகவில்லை.